நான் பற்றவைத்துப் பார்த்த கார்

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு காருக்குத்தான் தீ வைத்திருக்கிறேன். அதுவும் முழுக் காருக்கு இல்லை, பின் சீட்டில் ஒரு மூலைக்கு மட்டும். ஆனால் எங்கள் வீட்டில் பேசுவதைக் கேட்டால், வாரத்துக்கு ஒரு கார் கொளுத்திக்கொண்டிருந்தவள் மாதிரி இருக்கும்.

எழுபதுகளின் கடைசி. ஆரணியில் எங்களுக்குப் பட்டுப் புடவை வியாபாரம். தறிக்காரர்கள் கொண்டுவரும் புடவையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது என் வேலை. மூன்றாம் வகுப்போடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு முடிந்துவிட்டது (வாத்தியாரும் அழல, நானும் அழல). ஆனால் புடவை என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தடவினால் வழுக்க வேண்டும். கீழே போட்டால் கனமாக ‘டொப்’பென்று விழ வேண்டும். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பற்றவைக்க வேண்டும். முடி பொசுங்கிய நாற்றம் வந்தால் அசல் பட்டு; உருகி உருண்டை பிடித்தால் டூப்ளிகேட். அதனால் என் சுருக்குப் பையில் வெற்றிலை இல்லாத நாள் உண்டு, தீப்பெட்டி இல்லாத நாள் கிடையாது. யாராவது “இது ஒரிஜினல்மா” என்றால் போதும், கை தானாகப் பைக்குள் போய்விடும்.

அப்போது என் நாத்தனார் கனகாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சந்தவாசல் பக்கத்து மாப்பிள்ளை. நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலையை மடித்தபடி, “ஊர்கோலத்துக்குக் கார் வாடகைக்கு எடுப்பீங்களா?” என்று கேட்டார்கள். சும்மாதான் கேட்டார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு எங்கே சுட்டதோ தெரியவில்லை. “வாடகையா? சொந்தக் காருங்க” என்று சொல்லிவிட்டார். எங்களிடம் அன்றைக்குச் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிள். அதிலும் பெல் இல்லை.

சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற ஊரெல்லாம் கார் தேடினார். புதன்கிழமை கல்யாணம். முந்தின வெள்ளிக்கிழமைதான், களம்பூரில் ஒரு ரைஸ் மில்காரர் தன் பழைய கறுப்புக் காரை விற்கிறார் என்று தகவல் வந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஆசீர் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அவரைக் கூப்பிட்டால், “ஞாயித்துக்கெழம கோயில்ல ஆராதனை இருக்குக்கா. முடிஞ்சதும் நேரா களம்பூர் வந்துர்றேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க, எதுவும் பேசாதீங்க” என்றார். நான் விடுவேனா? “எதுக்கும் சொல்லி வைப்பா, தெரிஞ்சிக்கறேன்” என்றேன். சொன்னார். இஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். காருக்கு அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கதவைத் தட்டிச் சத்தம் கேட்க வேண்டும். டயரைத் தடவ வேண்டும். கடைசியாகப் புகை. “பொகை கறுப்பா வந்தா மட்டும் வாங்கவே வாங்காதீங்கக்கா.”

எனக்கு அப்போது எழுத வராது; எழுதக் கற்றுக்கொண்டதெல்லாம் பிற்பாடுதான். புடவைத் தலைப்பில் ஐந்து முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை களம்பூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மில் வாசலில் கொட்டகை நிழலில் கார் நின்றது. கழுவித் துடைத்து, முன்னால் ஒரு எலுமிச்சம்பழம்கூட வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் அதைப் பார்த்த பார்வையை, என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூடப் பார்க்கவில்லை.

“ஆசீர் வரட்டுமே” என்றார்.

“அவரு வர்றதுக்குள்ள வேற எவனாவது தூக்கிகினு பூடுவான். நான் பாக்கறேன், நவுருங்க.”

முதல் முடிச்சு. இஞ்சின் மூடியைத் தொட்டேன். சுட்டது. சூடாக இருந்தால் நல்லதா, ஆறியிருந்தால் நல்லதா? முடிச்சில் அது இல்லை. இட்லியை நினைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தால்தானே நல்லது? தேறியது. (காலையில கெளம்பவே மாட்டாத இஞ்சின, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்காரு மனுசன்.)

இரண்டாவது முடிச்சு. குனிந்து அடியில் பார்த்தேன். எண்ணெயே தெரியவில்லை. அழகாக உமியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். “பாத்தீங்களா, காருக்கு மெத்தை போட்டு வெச்சிருக்காங்க. எவ்ளோ அருமையா வளத்திருக்காங்க!” என்றேன். மில்காரர் இருமினார்.

மூன்றாவது முடிச்சு. கதவைத் தட்டினேன். ‘டொப்.’ என் மனசு குளிர்ந்தது. நல்ல கனம், நல்ல சரக்கு. பட்டி பூசி ஓட்டையை மறைத்த தகரம்தான் அப்படிச் சத்தம் போடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. நாலாவது முடிச்சு, டயர். தடவினேன். பட்டு தோற்றது, அப்படி ஒரு வழவழப்பு.

“ஏங்க, ஒண்ணுகூட கொறை சொல்ற மாதிரி இல்லீங்க” என்று அவர் காதில் சொன்னேன். இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த மில்காரர்தான் வாயைத் திறந்தார்.

“உள்ள வந்து பாருங்கம்மா. சீட்டெல்லாம் ஒரிஜினல். கம்பெனில போட்டதுதான். ஒரு நூல்கூட மாத்தல.”

ஒரிஜினல் என்றார். நூல் என்றும் சொன்னார். என் கை பைக்குள் போய்விட்டது.

பின் சீட்டு ஓரத்தில் தையல் பிரிந்து ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. அறுபடவே இல்லை. சரி, இருந்த இடத்திலேயே பார்ப்போம் என்று குச்சியைக் கிழித்து நூலின் நுனியில் வைத்தேன். தீ நுனியிலிருந்து நூல் வழியே நடந்தது. திரியில் போவது மாதிரி, அவசரப்படாமல் தையலுக்குள் நுழைந்து மறைந்துவிட்டது. நான் குனிந்து மூக்கை வைத்து மோந்து பார்த்தேன். முடி நாற்றம் வரவில்லை.

“பாத்தீங்களா! டூப்ளிகேட்டு!” என்று கத்தினேன்.

உள்ளே அடைத்திருந்தது தேங்காய் நார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

“இன்னாமே, பொகை வருது!” என்று வெளியே நின்ற வீட்டுக்காரர் அலறினார்.

எனக்கு ஐந்தாவது முடிச்சு நினைவுக்கு வந்தது. “என்னா கலரு? நல்லா பாத்துச் சொல்லுங்க!”

“கறுப்பு!”

“அப்டீன்னா வாங்காதீங்க!”

“அடியே, மொதல்ல எறங்குடி!”

மில்காரருக்குக் காரைவிடப் பக்கத்தில் மலை மாதிரி குவிந்திருந்த உமி மேல்தான் கவலை. “ஐயையோ, மில்லு பத்திக்கும்! ஜல்தி தண்ணி ஊத்துங்கடா!” என்று அவர் கத்த, மில் ஆட்கள் நெல் ஊறவைத்திருந்த தொட்டியிலிருந்து வாளி வாளியாக மொண்டுவந்து ஊற்றினார்கள். நெல் ஊறி மூன்று நாள் ஆன தண்ணீர். அதன் நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

தீ அணைந்தது. சீட்டில் தோசைக்கல் அளவுக்கு ஒரு கரிப் பள்ளம். கொளுத்திய காரை வேண்டாம் என்று சொல்ல எந்த வாயால் முடியும்? வாங்கிக்கொண்டோம்.

பேச்சு முடிந்தபோதுதான் ஆசீர் வெள்ளைச் சட்டையில், கையில் வேதாகமத்தோடு வந்து இறங்கினார். மூடியைத் திறந்தார், உமியைக் காலால் தள்ளினார், கதவைத் தட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அக்கா, இதுல இஞ்சின் வேற வண்டிது. பெயிண்ட் நேத்து அடிச்சது. டயரு மொட்டை. இந்தக் கார்ல ஒரிஜினலா இருந்ததே அந்த சீட்டு ஒண்ணுதான். அதப் போயி...”

 ஆரணிக்கு வந்ததும் எங்கள் வீட்டுக்காரர் ஒன்றே ஒன்று சொன்னார். “அவங்க முன்னாடி என் மானம் போச்சின்னா, அந்த முடிச்சு போட்ட பொடவையில என்னைத் தொங்க வுட்ரு.” அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அதுவரை சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அப்போது நின்றுவிட்டது.

மூன்று நாள் ஆசீர் காருக்கு அடியிலேயே குடியிருந்தார். நான் கரிப் பள்ளத்தில் துணியை அடைத்து, மேலே ஜமக்காளம் போட்டு, அதற்கும் மேலே கடையிலேயே உசத்தியான அரக்குப் பட்டை மடித்து விரித்தேன். நாற்றத்துக்கு ஆறு முழம் மல்லி, ஒரு கட்டு ஊதுபத்தி. (ஊதுபத்தியக் கொளுத்த என்னைய வுடல. ஆசீர்தான் கொளுத்தினார்.)

புதன்கிழமை ஊர்கோலம் நன்றாகத்தான் கிளம்பியது. மேளம் முன்னால், கார் பின்னால், உள்ளே கனகாவும் மாப்பிள்ளையும். கடைத்தெரு நடுவில் கார் ஒரு தும்மல் போட்டு நின்றது. ஆசீர் என்னென்னவோ செய்தார். அசையவில்லை. மாப்பிள்ளை பாவம், வெட்கத்தோடு இறங்கி, மாலையோடு பின்னால் போய்த் தள்ள ஆரம்பித்தார்.

அவர் திரும்பியதும் மேளமே நின்றுவிட்டது. வெள்ளைப் பட்டு வேட்டியின் பின்பக்கம், தோசைக்கல் அளவுக்கு வட்டமாகக் கரி. மூன்று அடுக்குத் துணியையும் தாண்டி, நெல் தண்ணீரில் ஊறிய கரி அச்சுக் குத்தியிருந்தது.

 எங்கள் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மெதுவாக நடந்து வந்தார்கள். மகனின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். காரைப் பார்த்தார்கள். மூக்கைச் சுருக்கி மோந்தார்கள்.

“சம்பந்தி,” என்றார்கள், “நீங்க சொந்தக் காருன்னு சொன்னப்ப வண்டின்னு நெனச்சிட்டேன். இப்பதான புரியுது. சொந்தக்காரு எல்லாரும் வந்து தள்ளணும்னு சொல்லியிருக்கீங்க!”

சொல்லிவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் ஆளாகக் காரில் கை வைத்துத் தள்ளினார்கள். அதன் பிறகு யார்தான் நிற்பார்கள்? இரண்டு வீட்டுச் சனமும் சிரித்துகினே தள்ளியதில் (பாத்தீங்களா, எழுத்துலயும் வந்துடுச்சி) கார் மண்டபம் வரை உருண்டது. எங்கள் வீட்டுக்காரர் ஒரு கையால் தள்ளிக்கொண்டு, ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

கனகாவின் மாப்பிள்ளைக்கு இப்போது பேரன் பேத்தி எடுத்தாகிவிட்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால் உடனே உட்கார மாட்டார். சோபாவை ஒரு தடவு தடவி, பின்பக்கம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கேட்பார்:

“அக்கா, இது ஒரிஜினலா, இல்ல இனிமேதான் பாக்கணுமா?”

அதற்குள் என் மருமகள் சமையலறையில் தீப்பெட்டியை எடுத்து ஒளித்துவைத்திருப்பாள்.