எட்டு சீட் வண்டி

"நாளையில இருந்து மூணு நாள் லீவு. எங்க போறோம்? இப்பவாவது சொல்லுங்க" என்று மனைவி போனில் கேட்டபோதுதான் அட்டவணைக்கு அந்த ஞாபகமே வந்தது.

அலுவலகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். எந்தப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று அட்டவணை போடுவது அவன் வேலை. இந்த விடுமுறைக்குக் கூட்டம் அலைமோதும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே கணக்குப் போட்டு, கடற்கரைக்கு மட்டும் நாற்பது பேருந்துகளைக் கூடுதலாக விட்டவன் அவன்தான். ஊரையே உல்லாசப் பயணம் அனுப்பிவிட்டு, சொந்த மனைவியை மறந்துவிட்டான்.

மறக்கக்கூடிய விஷயமும் இல்லை. அவளுக்கு ஏழாவது மாதம். இரண்டு படுக்கையறை வீட்டில் அவனுடைய அப்பா, அம்மா. போதாக்குறைக்கு, பிரசவத்துக்கு உதவியாக இப்போதே வந்து இறங்கிவிட்ட மாமியார். அவள் ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கப் போனாலும், சூடாகக் குடி என்று ஒரு உத்தரவும் ஆறவைத்துக் குடி என்று ஒரு உத்தரவும் வரும். போன மாதம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"குழந்தை வந்துட்டா அப்புறம் நாம எப்பவும் மூணு பேர்தான். அதுக்கு முன்னாடி ஒரு மூணு நாள், நீங்களும் நானும் மட்டும் இருக்கணும். வேற எதுவும் வேணாம்."

எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு என்று வாரத்துக்கு ஒரு முறை வாய் கூசாமல் சொல்லிவந்தான். இப்போது வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரை.

"அது சர்ப்ரைஸ்" என்று சொல்லிப் போனை வைத்தான்.

முதலில் கடற்கரை விடுதியைக் கூப்பிட்டான்.

"ரூம் இல்ல சார். உங்க ஊர்ல இருந்து எவனோ நாப்பது பஸ் அனுப்பி வெச்சிருக்கான்" என்றார் அங்கிருந்தவர்.

மலையில் ஒரு அறை கிடைத்தது. டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டான்.

"வளைஞ்சு வளைஞ்சு ஏறுற ரோடெல்லாம் இப்ப வேணாம். ரெண்டு மணி நேரத்துக்கு மேல வண்டியில உக்காரவும் வேணாம்."

வேறு வழியில்லாமல் மனைவியின் அண்ணனைப் பிடித்தான். மச்சானுக்கு எந்த ஊரிலும் ஒரு ஆள் உண்டு.

"ஏரிக்கரையில என் ஃப்ரெண்டோட வீடு இருக்கு மாப்ள. ஒன்றரை மணி நேரம்தான். ஆனா மூணு ரூமையும் சேர்த்துத்தான் விடுவான்."

"பரவாயில்ல மச்சான்."

"ரெண்டு ரூம் சும்மா கிடக்குமே."

இந்த இடத்தில் அட்டவணை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப நீங்களும் வாங்களேன்" என்று ஒரு மரியாதைக்குச் சொல்லிவைத்தான். மச்சான் மரியாதை தெரிந்தவர். மனைவியோடும் மகளோடும் வருவதாக அந்த நிமிடமே ஒப்புக்கொண்டார்.

சாயங்காலம் அவன் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. கூடத்தில் மாமியார் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாசமா இருக்கிற பொண்ண எப்படித் தனியா அனுப்புறது மாப்பிள்ளை? நானும் கூட வந்துடறேன்."

"தனியா இல்லையே அத்தை, நான் இருக்கேனே."

"அதனாலதான் வர்றேங்கறேன்."

சமையலறையிலிருந்து அம்மா வெளியே வந்தார். "சம்பந்தி ஏரி பாக்கப் போறாங்க. நான் வீட்டுக்கு வாட்ச்மேன். அப்படித்தானே?"

"யாரும்மா அப்படிச் சொன்னது? நீயும் வா."

"நான் வந்துட்டா உங்கப்பாவுக்கு யாரு காபி போட்டுத் தருவா?"

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என் ஸ்வெட்டர் எங்க இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மனைவி படுக்கையறையில், வீங்கிய பாதங்களை ஸ்டூல்மேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆக மொத்தம் எத்தனை பேர்?"

"எட்டு."

"சரி."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு. ஒரே ஒரு விஷயம் கேட்டாள், அதையும் கோட்டை விட்டாயே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"எல்லாத்தையும் கேன்சல் பண்ணிடவா?"

"எதுக்கு? எல்லாரும் பையைக் கட்டியாச்சு."

வேறென்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த வேலையைச் செய்தான். எட்டு சீட் வண்டி ஒன்றுக்குச் சொல்லிவிட்டு, ஏழு மணிக்கு வண்டி, ஏழு பத்துக்குப் புறப்பாடு என்று அட்டவணை போட்டு, கீழே டிராவல்ஸ் போன் நம்பரும் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினான்.

மறுநாள் ஏழு மணிக்கு வண்டி டாணென்று வந்து நின்றது. வந்தது ஆறு சீட் வண்டி.

"எட்டு சீட்டுல்ல சொன்னேன்?"

"எனக்கு இந்தச் சாவியத்தான் குடுத்தாங்க சார்" என்றார் டிரைவர்.

இவன் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்பா முன்சீட்டில் பேப்பரை விரித்துவிட்டார். மாமியார் ஒரு ஜன்னலைப் பிடித்தார். அதைப் பார்த்த அம்மா எதிர் ஜன்னலைப் பிடித்தார். விடிந்ததுமே பையோடு வந்துவிட்டிருந்த மச்சான் குடும்பம் மிச்சத்தை நிரப்பியது.

"நான் இறங்கிக்கறேன், பொண்ணு உக்காரட்டும்" என்றார் மாமியார், இருந்த இடத்தைவிட்டு அசையாமல்.

"அவங்க எதுக்கு, நான் இறங்கறேன்" என்றார் அம்மா. அவரும் அசையவில்லை. ஏரி தெரிகிற அறை ஒன்றுதான் என்று மச்சான் ஏற்கெனவே உளறியிருந்தார். யார் முதலில் இறங்கினாலும் அது மற்றவருக்குப் போய்விடும்.

"யாரும் இறங்க வேணாம். நெருக்கியடிச்சு உக்காந்து வர எனக்கும் முடியாது" என்றாள் மனைவி. "வேற வண்டி கிடைச்சா பின்னாடியே வர்றோம். கிடைக்கலன்னா வீட்டுல இருந்துக்கறோம்."

தெருமுனை திரும்பும்வரை இரண்டு ஜன்னல்களிலிருந்தும் மருந்து, மாத்திரை, மாடிப்படி என்று உத்தரவுகள் வந்துகொண்டே இருந்தன.

அட்டவணைக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுடு. ஒரு வண்டிகூட ஒழுங்கா சொல்லத் துப்பில்ல எனக்கு."

"சரி, உள்ள வந்து காபி போடுங்க" என்று அவள் போய் அப்பாவின் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தாள்.

அவனுக்கு மனம் ஆறவில்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு டிராவல்ஸைக் கூப்பிட்டான்.

"எட்டு சீட் சொன்னா எட்டு சீட் அனுப்பணும்யா. உன்னால ரெண்டு பேரு வீட்டுல உக்காந்திருக்கோம், தெரியுமா?"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் டிராவல்ஸ்காரர். "எட்டு சீட் வண்டி டீசல் போட்டு ரெடியாத்தான் நின்னுச்சு. காலைல ஆறு மணிக்கு உங்க வீட்டம்மாதான் போன் பண்ணி, ரெண்டு பேர் வரல, ஆறு சீட் போதும், அவர்கிட்ட சொல்லிக்க வேணாம்னு சொன்னாங்க."