சீசருக்குப் பல் விளக்கிய மாட்டுப் பொங்கல்

பற்பசை விற்கிறவனுக்கு உலகத்தில் உள்ள எல்லாப் பல்லும் தன் பொறுப்பு என்றொரு நினைப்பு வந்துவிடும். எனக்கு அது கல்யாணமான முதல் வருஷமே வந்தது. அப்போது வில்லியனூரில் ஒரு ஏஜென்சிக்காகக் கடை கடையாகப் போய் பேஸ்ட் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது காதல் கல்யாணம். ஏம்பலத்தில் கரும்பு பயிரிடும் மாமனார், தலைப்பொங்கலுக்குக் கூப்பிட்டாரே தவிர, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்பதையெல்லாம் தன் நாய் சீசரிடம்தான் கேட்பார்.

"சீசரு, மாப்ளைக்கு இன்னொரு வடை வேணுமான்னு கேளு."

நானும் சீசரைப் பார்த்தே "போதும்" என்பேன். (அந்த வடை சீசருக்குப் போகும். இந்த ஏற்பாட்டால் லாபம் அடைந்தது அது ஒன்றுதான்.)

சிக்கல், சீசரின் வாய் நாற்றம். அது கொட்டாவி விட்டால் சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடும். எப்படியாவது மாமனாரை என் முகம் பார்த்துப் பேச வைத்துவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தேன். அவர் உயிரையே வைத்திருக்கும் நாயின் வாயைச் சுத்தம் செய்தால் மனுஷன் இளகமாட்டாரா?

மாட்டுப் பொங்கலன்று காலையில் அவர் மாடுகளைக் குளிப்பாட்ட மோட்டார் கொட்டகைக்கு ஓட்டிப் போயிருந்தார். மாடு குளிக்கிற நாளில் நாய் பல் விளக்கக் கூடாதா? புது பிரஷ்ஷில் புதினா பேஸ்ட் சாம்பிளைத் தாராளமாகப் பிதுக்கினேன்.

"இன்னா பண்ற நீ? கடிச்சிரப் போவுது!" என்றாள் என் மனைவி சுகந்தி.

"நாங்கல்லாம் ட்ரெயினிங் எடுத்தவங்க" என்றேன். (எடுத்தது, கடைக்காரரிடம் எப்படிச் சிரிப்பது என்பதற்கு.)

நாலு தேய்ப்பு வரை சீசர் மரியாதையாகத்தான் இருந்தது. ஐந்தாவது, கடைவாயில் வலிக்கிற இடத்தில் பட்டிருக்க வேண்டும். என்னை உருட்டிவிட்டு, வாயெல்லாம் வெள்ளை நுரையோடு தெருவில் பாய்ந்தது.

"ஐயோ, நாய்க்கு வெறி புடிச்சிருச்சி! எல்லாரும் வூட்டுக்குள்ள போங்க!" என்று எதிர்வீட்டுப் பெண் அலறினாள்.

உள்ளே போக வேண்டியவர்கள் எல்லோரும் தடியோடு வெளியே வந்தார்கள். "அடிக்காதீங்க! அது பேஸ்ட்டு!" என்று கத்திக்கொண்டே, கையில் பிரஷ்ஷும் இடுப்பில் தலைப்பொங்கல் பட்டு வேட்டியுமாக நானும் ஓடினேன். வேட்டி பாதி வழியில் நின்றுவிட்டது. (உள்ளே அரைக்கால் சட்டை இருந்தது. இதை இன்றுவரை யாரும் நம்புவதில்லை.) ஒருவர் தடியை ஓங்க, நான் சீசர் மேல் விழுந்து அதைக் கட்டிக்கொண்டேன். என் அதிகப்பிரசங்கித்தனத்தால் ஒரு நாய் செத்துவிடக் கூடாதே!

அதற்குள் மாமனார் மாடுகளோடு வந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் கன்று போடச் சிரமப்பட்ட மாட்டைப் பார்க்க வந்திருந்த கால்நடை டாக்டரம்மாவும் சத்தம் கேட்டு வந்தார். என் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். புதினா வாசனையை முகர்ந்தார். சீசரின் வாயைத் திறந்து பார்த்தார்.

"வெறியெல்லாம் இல்ல. பல்லு பூரா காறை கட்டி, ஈறு வீங்கிக் கெடக்கு. ஒரு கடவாப் பல்லு ஆடுது. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வாங்க, மயக்க மருந்து குடுத்து காறைய எடுத்து, அந்தப் பல்லயும் புடுங்கிரலாம். அப்பறம் நாய்க்குன்னு இருக்கிற பேஸ்ட்டுல தெனமும் தேச்சு வுடுங்க. மனுசங்க பேஸ்ட்டு வேணாம். வயித்துக்குள்ள போனா அதுக்கு ஆவாது. நாய்க்குத் துப்பத் தெரியாதுல்ல?"

மாமனார் சீசரைப் பார்த்தார். பிறகு, கல்யாணத்துக்கு அப்புறம் முதன்முறையாக, நேராக என் முகத்தைப் பார்த்தார்.

"நாய்க்குத்தான் துப்பத் தெரியாது. உனுக்குத் துப்பே கெடையாதாப்பா?"

தெருவே சிரித்தது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பேசிவிட்டாரே!

சீசரின் ஒரு பல் போனது, நாற்றமும் போனது. தினமும் அதற்குப் பல் விளக்கிவிடுவது மாமனார்தான். பிரஷ்ஷை என் கண்ணில் காட்டுவதில்லை. வடை வேண்டுமா என்று இப்போது என்னிடமே கேட்கிறார். நான் வேண்டாம் என்றால் மட்டும் சீசர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

"துப்புகெட்ட மாப்ளைக்குப் போதுமாம்டா."