அடுத்தவர் தணலுக்கு ஆலோசகர்

மெக்சிகோவில் தொடங்கிக் கண்டத்தின் தெற்கு வால் வரை இறங்கி வாருங்கள். பல பேர் ஸ்பானிஷ் பேசுவார்கள், மிச்சப் பேர் போர்த்துகீசியம் பேசுவார்கள். கொடி மாறும், காசு மாறும், கால்பந்துச் சட்டையின் நிறம் மாறும். ஓர் உயிரினம் மட்டும் மாறாது. ஞாயிற்றுக்கிழமை எவனாவது முற்றத்தில் விறகைப் பற்றவைத்து இறைச்சி சுட ஆரம்பித்தால், புகை மதிலைத் தாண்டுவதற்குள் பக்கத்தில் வந்து நிற்பாரே, அவர்தான். அடுத்தவர் தணலுக்கு ஆலோசகர்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அக்குளில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தே பானம் நிறைந்த சுரைக்குடுக்கை, அதில் செருகிய உறிஞ்சுகுழல். விறகு கொண்டுவர மாட்டார், வெங்காயம் உரிக்க மாட்டார், சாம்பல் அள்ளும் நேரத்தில் ஊரிலேயே இருக்க மாட்டார். வந்ததும் வானத்தைப் பார்ப்பார், காற்றை முகர்வார், தணலுக்கு மேலே உள்ளங்கையை நீட்டிக் கண்ணை மூடி, காய்ச்சல்காரக் குழந்தையைத் தொட்டுப் பார்த்த டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார்.

"நான் ஒண்ணும் சொல்லலைப்பா."

அவ்வளவுதான். இனி சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டே இருப்பார்.

எங்கள் ரிவேராவில் இந்த இனம் இரட்டை விளைச்சல். தெருவின் இந்தப் பக்கம் உருகுவாய், அந்தப் பக்கம் பிரேசில். ஆலோசகர்களிடம் எந்தப் பக்கமும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. கேட்டால் மட்டும் போகவா போகிறார்கள்?

போன மாதம் என் பக்கத்து வீட்டு வில்மார் மாட்டிக்கொண்டான். தெருவுக்கு அந்தப் பக்கத்து ஜுசாராவைக் கட்டிக்கொள்ள அவனுக்கு ஆசை. அவள் அப்பா வால்டோமிரோ பேசுவதே அபூர்வம்; பேசினால் தீர்ப்பு. "ஞாயித்துக்கிழமை வர்றோம். கறி சுட்டுப் போடு. கைதட்டு விழுந்தா கல்யாணப் பேச்சு. விழலைன்னா காப்பியைக் குடிச்சுட்டு எழுந்துடுவோம்" என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் சுட்டவனுக்குக் கைதட்டுவது இங்கே மரபு. தட்டாமல் விட்டால் அவன் ஊரை மாற்றிக்கொள்ளலாம்.

வில்மார் தணலைப் பரப்பி, உப்புத் தூவிய விலாக்கறியைக் கம்பித் தட்டியில் அடுக்கினான். அவன் தாய்மாமா அனிபால் வந்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலை, மாப்ளே. ஆனா இந்தத் தணல்ல ஒரு கோழிமுட்டைகூட அவியாது."

சொல்லிக்கொண்டே ரெண்டு விறகைச் சொருகினார். அதற்குள் ஜுசாராவின் சித்தப்பா ஓசோரியோ வந்து, அந்த ரெண்டு விறகையும் உருவி வெளியே போட்டார்.

"எதுக்கு இவ்ளோ தீ? மாட்டைச் சுடுறீங்களா, பொணத்தை எரிக்கிறீங்களா?"

"ஐயா, உங்க ஊர்ல கம்பியில குத்திச் சுத்திக்கிட்டே இருப்பீங்க. கறிக்குத் தலை சுத்துமே தவிர வேகாது."

"உங்க ஊர்ல தட்டியில போட்டுட்டுத் தூங்கிடுவீங்க. கறி எழுப்பினாத்தான் எழுந்திருப்பீங்க!"

இவர் ஸ்பானிஷில் திட்டினார், அவர் போர்த்துகீசியத்தில் திட்டினார். ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை. உள்ளே போன விறகு வெளியே வந்தது, வெளியே வந்தது உள்ளே போனது. ஒருவர் தட்டியை உயர்த்தினார், மற்றவர் இறக்கினார். விலாக்கறியின் ஒரு பக்கம் கருகத் தொடங்கியது. மறுபக்கம் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தது. கொடிமுந்திரிப் பந்தலின் கீழே உட்கார்ந்திருந்த வால்டோமிரோ காப்பி இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். வில்மாரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

பையன் இடுக்கியை எடுத்தான். பெரியவர்கள் இருவரும் ஒருவர் மூக்கருகே ஒருவர் விரலை ஆட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கறியை முழுக்கத் தாம்பாளத்தில் வாரி, மதிலுக்கு மேலாக என் பக்கம் நீட்டினான்.

"அண்ணே, உங்க அடுப்பு எரியுதா?"

ஞாயிற்றுக்கிழமை எரியாமல் இருக்குமா? மதிலேறிக் குதித்தான். கருகியதைச் சீவினான், வேகாததை வேகவைத்தான். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. அது எப்படிப்பட்ட சித்திரவதை என்பது என் நாக்குக்குத்தான் தெரியும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் தட்டியைச் சுற்றி ஆலோசனை ஓயவில்லை.

"இப்ப திருப்பணும்!"

"தொடாதீங்க! இன்னும் கொஞ்சம் விடுங்க!"

கறி மேசைக்கு வந்தது. வால்டோமிரோ ஒரு துண்டை மென்றார். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார், நாற்காலியை நகர்த்தினார். ஜுசாரா கண்ணை மூடிக்கொண்டாள். மனிதர் எழுந்து நின்று தட்டினார் பாருங்கள், எங்கள் வீட்டு நாய் ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் பதுங்கியது.

உடனே அனிபாலும் ஓசோரியோவும் தோளோடு தோள் சேர்ந்து எழுந்து, மார்பில் கைவைத்துக் குனிந்து, அந்தக் கைதட்டலைப் பெற்றுக்கொண்டார்கள்.

வால்டோமிரோ வில்மாரைப் பக்கத்தில் இழுத்தார். "மதில் ஏறினதைப் பார்த்தேன். எங்க குடும்பத்துக்கு உன்னை மாதிரி ஒருத்தன் வேணும். கல்யாணத்துக்கு நாள் பாரு" என்றவர், குரலைத் தாழ்த்திச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா நான் ஒண்ணும் சொல்லலை, உப்பு ஒரு சிட்டிகை கூடிப்போச்சு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அடுத்த முறை யாருடைய அடுப்பருகிலாவது நின்று, இப்படிக் கிளறு, அப்படி இறக்கு என்று நீங்கள் அருள்பாலிக்கும்போது, ஒரே ஒரு தடவை சட்டிக்குள் எட்டிப் பாருங்கள்.

உள்ளே ஏதாவது இருக்கிறதா?