முக்கடல் கல்லும் அனுப்புகூலியும்

சாயங்காலம் ஆறு மணியானால் போதும், குளச்சலில் பாதிப்பேர் கையில் போனும் முகத்தில் பக்தியுமாக உட்கார்ந்துவிடுவார்கள். களியக்காவிளையிலிருந்து முக்கடல் சித்தர் குமாரதாஸ் நேரலையில் ஏலம் போடும் நேரம் அது. சரக்கு, கறுத்த உருண்டைக் கல். மூன்று கடலும் கூடுகிற இடத்தில் மூழ்கி எடுத்ததாம். மூட்டுவலி, கடன், மாமியார் தொல்லை எல்லாவற்றுக்கும் ஒரே கல். மருந்துக்கடைக்காரர்கள் எந்த நம்பிக்கையில் கடையைத் திறக்கிறார்களோ தெரியவில்லை.

ஏலம் ஒரு ரூபாயில் தொடங்கும். "தெய்வத்துக்கு நான் வெல வைப்பனா மக்கா?" என்று கண்கலங்குவார். வைக்கவே மாட்டார். ஏலம் முடிந்ததும் அனுப்புகூலிக்குத்தான் வைப்பார்: ஐயாயிரத்துத் தொள்ளாயிரம். கல்லைத் தரையில் வைக்காமல் விரதச் சீடன் வாங்கியவரின் ஊர் எல்லைவரை மடியில் சுமந்து வந்து, அங்கேதான் பார்சல்காரனிடம் கொடுப்பானாம். கூலியை வெளியே சொன்னால் பலன் போய்விடுமாம். அதனால் கொடுத்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை.

மீன் விற்கும் ஷீஜா பதினோரு ரூபாய்க்குக் கல்லை ஏலம் எடுத்தாள். கட்டியவன் யேசுதாசனுக்குக் குடலிறக்கம். செவ்வாய்க்கிழமை நெய்யூரில் ஆபரேஷன். கல் வந்தால் கத்தியே வேண்டாம் என்று நினைத்தவள், கூலியைக் கேட்டதும் இருந்த பணத்தை எடுத்து எண்ணினாள். ஆபரேஷனுக்கு வைத்திருந்தது மொத்தமே ஆறாயிரம்.

"வேண்டாம்னு சொல்லு மைனி," என்றாள் நாத்தனார் ஜெனிலா.

"ஏலத்துல பேரு விளிச்சாச்சு ஏட்டி. பின்வாங்குனா கரையில எவன் எனக்கு மீன் தருவான்?"

கடற்கரையில் அதுதான் சட்டம். சித்தருக்கும் அது நன்றாகத் தெரியும்.

"ஏலம் எடுத்த மீன நீதானே சொமந்துட்டு வருவ? இதையும் நீயே போய் எடு," என்றாள் ஜெனிலா. பக்கத்து வீட்டு பேபி போன மாதம் வாங்கிய கல்லின் பெட்டி மெழுகுவத்தி வெளிச்சத்தில் இருந்தது. அதையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் இருவரும் களியக்காவிளையில் சித்தர் வீட்டில் போய் நின்றபோது, வீடு நிறையக் கூட்டம், நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

"சாமி, இந்தாரும் பதினோரு ரூவா. கல்லத் தாரும், நானே கொண்டு போறேன்."

"அது மொறையில்ல மக்கா. வெரதம் இருக்கியவன்தான் சொமக்கணும்."

"நானும் காலையிலேருந்து ஒண்ணும் தின்னல்ல. கீழயும் வைக்கமாட்டேன். முப்பது கிலோ மீன் சொமக்கிய தல இது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தர் சிரிக்கவில்லை. "வேற கை பட்டா சக்தி போயிரும்!"

"இதுல எத்தன கை பட்டுதுன்னு வாசிக்கியேன், கேளுங்கோ," என்று ஜெனிலா பேபியின் பெட்டியைப் போனுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். ஒரு மாதமாகக் கும்பிட்ட பெட்டிதான். அதில் ஒட்டியிருந்த சீட்டை மட்டும் யாரும் வாசித்ததில்லை. "களியக்காவிளையில ஏத்துன சாதா பார்சல். கூலி எழுவது ரூவா. பொருள், அலங்காரக் கல்லு. மதிப்பு பத்து ரூவா. கையெழுத்து, குமாரதாஸ்."

"அது... பார்சல் ஆபீசுக்காவ எழுதினது!"

"அங்க உண்மைய எழுதுனீரு. எங்களுக்கு என்ன சொன்னீரு ஓய்? அந்தச் சீடன விளியும், பாவம், கஞ்சி குடுப்போம்."

சீடன் வரவில்லை. இருந்தால்தானே வருவான்! சித்தர் போனை அணைக்கப் பாய்ந்தார். மீன்காரியின் கை அதைவிட வேகம்.

"மக்கா, எல்லாரும் கேளுங்கோ," என்றாள் ஷீஜா போனைப் பார்த்து. அவளுக்கு அவமானமும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கின. "பத்து ரூவா சாள மீனுக்குச் செவுளத் தூக்கிப் பாக்கியோம். ஆறாயிரத்துக்குக் கல்லு எடுக்கையில ஒரு சீட்ட வாசிக்கல்ல. நானுந்தான்!"

வாசலில் நின்றவர்கள் கூலியைத் திருப்பிக் கேட்கத் தொடங்கினார்கள். மூன்று கடலில் மூழ்கியவருக்குப் பின்வாசல் தட்டுப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. யேசுதாசன் எழுந்து நடக்கிறான். கல்லுக்காக இன்னும் ஏங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: சொந்த மூளைக்கு அனுப்புகூலி கிடையாது. பிறந்த அன்றே வந்து சேர்ந்த சரக்கு அது. கட்டைப் பிரித்தாவது பாருங்கள்.