ஸ்மோக்கருக்குள் அடித்த போன்

நடந்தவை, வரிசைப்படி:

1. தங்கை மீனுவின் கணவர் வருண் ஒரு ஸ்மோக்கர் கிரில் வாங்கினார்.
2. அதன் மூடி இடுக்கில் புகை கசிந்தது.
3. அவர் சரிசெய்வதற்குள் நான் சரிசெய்யப் போனேன்.
4. கசிவு அறவே நின்றது.
5. என் போன் உள்ளே இருந்தது.

மூன்றாவதற்குக் காரணம் பொறாமை. கொஞ்சம் கௌரவமான வேறு சொல் கிடைக்குமா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

தில்லி துவாரகாவில் எங்கள் தரைத்தள வீட்டில் எது பழுதானாலும் அப்பா, "என் இன்ஜினியரைக் கூப்பிடு" என்பார். கீசர், மிக்ஸி, ஏன், சொசைட்டி லிஃப்டுக்கே என்னை அனுப்பப் பார்த்தார் (நல்லவேளை, வாட்ச்மேன் விடவில்லை). வருண் மாப்பிள்ளையாக வரும்வரை அந்தப் பட்டத்துக்குப் போட்டி இல்லை.

ஸ்மோக்கர் என்பது விறகுப் புகையிலேயே மணிக்கணக்காகக் கோழியை வேகவைக்கும் இரும்புப் பெட்டி. வருணும் மீனுவும் ஏழாவது மாடியில் இருப்பதால் அதை எங்கள் வீட்டுப் பின்புறம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதல் நாளே முதல் மாடி ஆன்ட்டி பால்கனியில் நின்று, "அரே, தில்லியில புகைக்கா பஞ்சம்?" என்று ஹிந்தியில் கத்தினார். அப்பாவோ இரண்டு கால்களைச் சாப்பிட்டுவிட்டு, "மாப்பிள்ளை கை வச்சா மெஷினே தனி" என்றார். என் பல வருட மிக்ஸி சேவை அந்த இரண்டு கோழிக்கால்களோடு முடிந்தது.

அடுத்த ஞாயிறு அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர்கள் நாலு பேர் சாப்பிட வருவதாக இருந்தது. "சனிக்கிழமை சாயங்காலம் வந்து மூடிக்கு சீல் போட்டுடறேன் அக்கா" என்றார் வருண். ஞாயிற்றுக்கிழமை அப்பா யார் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவார்? எனக்கு அது ஒன்றுதான் கவலை. சனி காலை எட்டு மணிக்கே கையுறை மாட்டிவிட்டேன்.

மூடியின் உட்புறக் கரியைச் சுரண்டினேன். மூடியின் விளிம்பு, அது உட்காரும் பெட்டியின் விளிம்பு, இரண்டையும் பிசுக்கு ஒரு துளி இல்லாமல் துடைத்தேன். சூடு தாங்கும் சிவப்பு சிலிகோன் பசையை மூடியைச் சுற்றி ஒரே சீராக இட்டேன். பிறகு சோதனை: போனில் டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து, மூடியை இறக்கி, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கீற்று இல்லை! அந்தக் களிப்பில், பசை நன்றாக அமுங்கட்டும் என்று பத்துக் கிலோ அரிசி மூட்டையை மேலே ஏற்றிவிட்டு, சாப்பிட்டுத் தூங்கிப்போனேன்.

நாலு மணிக்குப் போனைத் தேடினேன். கட்டிலுக்கடியில், துணி மூட்டையில், அம்மாவின் கைப்பையில். அதற்குள் வருணும் மீனுவும் வந்துவிட்டார்கள். "இருங்கக்கா, நான் அடிக்கறேன்" என்றார் வருண். பின்புறம் ஸ்மோக்கர் அடித்தது.

அப்பா எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கோழி கிடைக்கலன்னு போனை வேகவைக்கறியா?"

மூட்டையை இறக்கிவிட்டு மூடியைத் தூக்கினேன். ஸ்மோக்கரே சேர்ந்து எழுந்து வந்தது.

வருண் விளிம்பில் விரலை ஓட்டினார். "அக்கா, கீழ் விளிம்புல எண்ணெய் தடவலியா?"

பசை மூடியில் மட்டும் ஒட்ட வேண்டும். பெட்டியில் ஒட்டாமலிருக்க அங்கே எண்ணெய் தடவ வேண்டும். எனக்குத் தெரியும். என் வேலைப் பட்டியலில் அது ஆறாவது. பட்டியல் போனில் இருந்தது.

"இட்லித் தட்டுக்கே எண்ணெய் தடவிட்டுத்தான்டி மாவு ஊத்தறோம்" என்றார் அம்மா. "நாலு வருஷம் காலேஜ்ல என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க?"

வருண் சிரிக்கவில்லை (சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்). பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது, என்னுடையது. அதை இடுக்கில் விட்டு, ரம்பம்போல் இழுத்துக்கொண்டே பெட்டியைச் சுற்றிவந்தார். பத்து நிமிடத்தில் மூடி திறந்தது. உள்ளே போன் டார்ச் அணையாமல் ஒளிவீசிக்கொண்டிருந்தது.

"வாஹ், மாப்பிள்ளை!" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை கிழிந்த சீலோடுதான் கோழி வெந்தது. ஆன்ட்டி இரண்டு முறை கத்தினார். ஆனால் நண்பர்களிடம் அப்பா என் பெயரைத்தான் சொன்னார். முழுக் கதையோடு.

அன்றிலிருந்து நான் போனை எடுக்கத் தாமதமானால் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன, ஸ்மோக்கர்ல இருக்கியா?"

தற்போதைய நிலை: வருண் புது சீல் போட்டுவிட்டார். புகை கசியவில்லை. கீழ் விளிம்புக்கு எண்ணெய் தடவும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்தார். பொறாமை அப்படியே இருக்கிறது.