சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

சன்னிவேலில் நான் பார்த்த மனிதர்களிலேயே முழுப் பைத்தியம் யார் என்று கேட்டால் யோசிக்கவே மாட்டேன். நகராதே. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவர் பாஸ்போர்ட்டோடு சரி. எங்களுக்கு அவர் நகராதே. அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல் அதுதான்.

விஷயம் பேஸ்பால். திண்டுக்கல்லில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர் அமெரிக்கா வந்து பேஸ்பால் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது நம் ஆட்கள் பண்ணும் அத்தனை அழிச்சாட்டியத்தையும் இவர் கூடவே கொண்டுவந்துவிட்டார். ஒருவன் நன்றாக அடித்துக்கொண்டிருந்தால் வீட்டில் யாரும் இடம் மாறக்கூடாது என்போமே, அந்தச் சட்டம். கிரிக்கெட்டாவது வந்து போகும். பேஸ்பால் ஏப்ரலில் ஆரம்பித்தால் செப்டம்பர் முடியும்வரை கிட்டத்தட்ட தினமும் உண்டு. அரை வருஷம் ஒரு வீட்டில் யாரும் நகரக்கூடாது என்றால் அது வீடா, மெழுகுபொம்மை மியூசியமா?

நான் அவருக்குப் பக்கத்து வீடு. அக்கா, அதாவது அவர் மனைவி, போடும் குழிப்பணியாரத்துக்காகப் போய் மாட்டிக்கொண்டவன். அக்கா தோசை ஊற்றியிருக்கும்போது எங்கள் டீம் ஆள் ஒருவன் பந்தை அடித்துத் தொலைப்பான். உடனே சமையலறைப் பக்கம் கை நீளும். "நகராத." அக்கா தோசைத் திருப்பியை உயர்த்திப் பிடித்தபடி நிற்பார். தோசை கருகும். கருகின தோசையை யார் தின்பது? நான்தான்.

ஊரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜ் பக்கம் போனார். அந்த நேரம் பார்த்து எவனோ ஹோம் ரன் அடித்துவிட்டான். பந்து மைதானத்தைத் தாண்டி விழுந்தது. பெரியவர் அதற்குப்பின் சோபாவையே பார்க்கவில்லை. ஆட்டம் முடியும்வரை ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி நின்றார். அமெரிக்காவில் விருந்தாளியை இப்படித்தான் கவனிப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

ஒருநாள் நிலநடுக்கம். எங்கள் பக்கத்தில் அவ்வப்போது வருவதுதான், சின்னது. டிவி ஆடியது, ஷோகேஸில் இருந்த தலையாட்டி பொம்மை தலையை ஆட்டியது. நான் வாசலுக்கு ஓடினேன். பின்னாலிருந்து சத்தம்: "டேய், நகராத. பேஸ்ல ரெண்டு பேர் நிக்கிறான்."

பூமியே நகரும்போது நான் நகரக்கூடாதாம். இந்த ஆளை என்ன செய்வது?

இத்தனை பாடுபட்டும் டீம் உருப்பட்டதா என்றால், இல்லை. டீம் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பட்ட அவமானம் போதும். போட்டால் அடி வாங்குவார்கள், அடித்தால் நேராக எதிரி கையில் கொடுப்பார்கள். எங்கள் பிரிவில் ஐந்து டீம். ஜூன் மாதமே மேலே மூன்று டீம்கள் கண்ணுக்குத் தெரியாத தூரம் போய்விட்டன. எங்களுக்குக் கீழே இருந்தது ஒரே ஒரு டீம். அதுவும் எங்களைப் போலவே ஒரு தண்டம்.

சான்டா கிளாராவில் என் ஆபீஸ் சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் இந்த வருஷம் கோப்பை யாருக்கு என்று பேசுவார்கள். நகராதேக்குக் கோப்பையைப் பற்றிக் கவலையில்லை. அவருடைய கவலை கடைசி இடம். நாட்டின் அந்தக் கோடியில் இரண்டு டீம் ஆடினால்கூட உட்கார்ந்து பார்ப்பார். ஏன் அண்ணே, அவன் ஜெயித்தால் நமக்கென்ன என்று கேட்டேன். இன்று ஜெயிக்கிறவன் அடுத்த வாரம் நமக்குக் கீழே இருக்கிற தண்டத்தோடு மோதப்போகிறான், தெம்பாகப் போய் மொத்தட்டும் என்றார். தன் டீம் ஜெயிக்கும் என்ற நம்பிக்கை போய், அடுத்தவன் தோற்பான் என்ற நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது அவர் வாழ்க்கை.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அவர் கம்பெனி, அக்டோபரில் அவரை டெக்ஸாஸில் இருக்கும் ஆலனுக்கு மாற்றுவதாக இருந்தது. ஆலன் ஆபீஸ் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். டெக்ஸாஸ் டீம் ரசிகர். வாராவாரம் வீடியோ மீட்டிங் ஆரம்பிக்கும்போதே கேட்பாராம்: "ஏனுங்க, உங்க டீமு இன்னும் ஆடிட்டுத்தான் இருக்குதுங்களா?" அவ்வளவு மரியாதையாகக் கேட்டால் யாருக்குத்தான் எரியாது? இவர் வீராப்பாகப் பந்தயம் கட்டிவிட்டார். எங்கள் டீம் பிரிவில் கடைசியாக வந்தால், ஆலனில் முதல் நாள் டெக்ஸாஸ் டீம் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆபீஸ் முழுக்கச் சுற்றிவர வேண்டும்.

"மொத நாளே எதிரி சட்டையோட போய் நின்னா, அப்புறம் அந்த ஊர்ல எவன் என்னை மதிப்பான்?" என்று என்னிடம் கேட்டார். கண் கலங்கியிருந்தது. சிரித்துவிடாமல் இருக்க நான் மிகவும் கஷ்டப்பட்டேன்.

இதில் என் தலையில் விழுந்த இடி தனி. மே மாதம் ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கார் கராஜிலிருந்து கோக் பாட்டில் எடுத்துவர அக்கா என்னை அனுப்பினார். நான் கராஜில் இருந்த அந்த ஒரு நிமிஷத்தில் எங்கள் டீம் மூன்று ரன் எடுத்துவிட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தேன், அடுத்தவன் அவுட். நகராதே என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்றிலிருந்து ஆட்டம் சூடு பிடித்தால் என் இடம் கராஜ். அரிசி மூட்டை, யாரும் ஓட்டாத எக்ஸர்சைஸ் சைக்கிள், சக்கரம் போன சூட்கேஸ், நான். இன்ஜினியரிங் படித்து, விசாவுக்கு அலைந்து, ஏழு கடல் தாண்டி வந்தது இதற்குத்தான்.

செப்டம்பர் கடைசி வாரம் வந்தது. சீசனின் கடைசி மூன்று ஆட்டங்கள், வெள்ளி, சனி, ஞாயிறு, எங்கள் மைதானத்தில். எதிரி யார்? அதே தண்டம். எங்களைவிட இரண்டு ஆட்டம் பின்தங்கியிருந்தார்கள். மூன்றில் ஒன்றை ஜெயித்தால் போதும், நகராதேயின் மானம் தப்பும்.

நகராதே வாய்ப்பை விதியிடம் விடுகிற ஆள் இல்லை. டீமுக்குக் கண் பட்டிருக்கிறது என்று முடிவு கட்டினார். இந்த டீமைப் பார்த்து எவனுக்கு அண்ணே பொறாமை வரும் என்று கேட்டேன். எல் காமினோ ரோட்டில் இருக்கும் இந்தியக் கடைக்கு என்னை ஓட்டிப்போகச் சொன்னார். அமெரிக்க எலுமிச்சை மஞ்சளாக, மாங்காய் அளவில் இருக்கும். அது ஆகாதாம். நம் ஊர்ப் பழம் மாதிரி சின்னதாகப் பொறுக்கினார். குங்குமம் வீட்டிலிருந்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ட்ரெயினில் போனோம். மைதானத்துக்குப் பின்பக்கம் ஒரு பெரிய வெள்ளை பஸ் நின்றது. ஆட்டக்காரர்கள் இறங்கி உள்ளே போயாகிவிட்டது. நகராதேயின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். புது வண்டிக்குச் செய்வதுபோல, சக்கரத்துக்கு ஒன்றாகக் குங்குமம் தடவிய பழத்தை வைத்தார். பஸ்ஸுக்குப் பின்னால் இரட்டைச் சக்கரம். பழம் போதவில்லை. ஒன்றை இரண்டாக வெட்டிச் சமாளித்தார். அதற்குள் ஒரு செக்யூரிட்டி வந்துவிட்டான். ஆள் ஆறரை அடி. பஸ்ஸுக்கு அடியில் சிவப்புக் கறையோடு இரண்டு இந்தியர்கள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான்.

"ப்ரேயர்," என்றார் நகராதே. "ஃபார் தி டயர்ஸ்."

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி ஒன்றை அவன் கேட்டிருக்க மாட்டான் போல. கையைக் காட்டி எங்களை ஓரமாக நிற்கச் சொன்னான். டிரைவர் வந்து பஸ்ஸை எடுத்தார். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. "எல்லாம் நசுங்கிருச்சுடா. இனிமே நம்மள ஒருத்தனும் அசைக்க முடியாது," என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று தோற்றோம். சாதாரணத் தோல்வி இல்லை. எதிரி டீமில் வருஷம் முழுக்கப் பந்தையே தொடாதவன்கூட அன்று மைதானத்துக்கு வெளியே அடித்தான். பரிகாரம் பலிக்க ஒருநாள் ஆகும் என்றார் நகராதே. சனிக்கிழமை அவர் வீட்டு டிவியில் பார்த்தோம். அதாவது, அவர் பார்த்தார், நான் கராஜில் இருந்தேன். அதைவிட மோசமாகத் தோற்றோம். இரண்டு டீமும் இப்போது சமம். ஞாயிறு தோற்கிறவன் கடைசி.

எப்படிப் பலிக்காமல் போகும் என்று நகராதே புலம்ப, அவர் மகள் நிலாதான் விஷயத்தை உடைத்தாள். காலேஜ் படிக்கும் பெண். போனைப் பார்த்துக்கொண்டே எந்த பஸ் என்று கேட்டாள். சொன்னோம்.

"அப்பா, ஹோம் டீம் டஸின்ட் டேக் அ பஸ். தே லிவ் ஹியர். தே ட்ரைவ் தேர் ஓன் கார்ஸ்."

அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே எல்லோரும் நகராமல் இருந்தது அன்று ஒருநாள்தான்.

தப்பு எங்கள் மேல் மட்டும் இல்லை. நம் ஊர் கிரிக்கெட்டில் சொந்த ஊரில் ஆட்டம் என்றாலும் ஆட்டக்காரர்கள் ஹோட்டலில் தங்கி, மொத்தமாக பஸ்ஸில்தான் வந்து இறங்குவார்கள். ரோட்டோரம் நின்று கையசைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே உள்ளூர்க்காரன் ஆபீஸுக்குப் போவதுபோல அவனவன் காரில் போகிறான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பஸ்ஸில் வருகிறவன் வெளியூர்க்காரன் மட்டும்தான்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப யாருக்குங்க கண்ணு கழிச்சுட்டு வந்தீங்க?"

நகராதே எழுந்தார். மொட்டை மாடி இருந்தால் போய் உட்கார்ந்திருப்பார். அமெரிக்க வீட்டில் அதுவும் இல்லை. போய் எக்ஸர்சைஸ் சைக்கிளில் உட்கார்ந்தார்.

ஞாயிறு மதியம் ஆட்டம். என்னைப் பன்னிரண்டு மணிக்கே கூப்பிட்டுவிட்டார். கையில் எதிரி டீம் தொப்பி. எங்கே பிடித்தாரோ. திட்டம் இதுதான்: நான் எந்த டீமுக்கு ஆசைப்படுகிறேனோ அது தோற்கும். ஆகவே இன்று நான் எதிரிக்கு ஆசைப்பட வேண்டும். சோபாவின் நடுவில், டிவிக்கு நேராக.

"சும்மா தொப்பி போட்டா பத்தாது. மனசார ஆசைப்படணும்."

"அதெல்லாம் எனக்குக் கஷ்டமே இல்லண்ணே," என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு அவ்வளவு கோபம். மே மாதத்திலிருந்து கராஜில் போட்டவர்கள், சோபா தருவது எதிரிக்குக் கைதட்டவா? இவர் தோற்கட்டும், டெக்ஸாஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றட்டும் என்று மனசாரத்தான் நினைத்தேன். எதிரி ரன் எடுத்தபோதெல்லாம் கைதட்டினேன். அக்காவே முறைத்தார்.

ஒன்பதாவது, அதாவது கடைசி இன்னிங்ஸ் வந்தது. ஒரு ரன் பின்னால் இருந்தோம். இரண்டு பேர் அவுட். மூன்றாவது ஆள் அவுட் என்றால் கதை முடிந்தது. இரண்டாவது பேஸிலும் மூன்றாவது பேஸிலும் எங்கள் ஆட்கள் நின்றார்கள், ஓடி வந்து சேர்ந்தால் ஆளுக்கு ஒரு ரன். அடிக்க வந்தவன் டீமிலேயே பெரிய உதவாக்கரை.

நகராதேயைத் திரும்பிப் பார்த்தேன். வழக்கமாகக் கத்துகிற மனிதன் கத்தவில்லை. தரையில் சம்மணம் போட்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். அவர் வேண்டிக்கொண்டது சட்டைக்காக இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகிற ஊரில் யாரும் இவர் பேச்சைக் கேட்டு அசையாமல் நிற்கப்போவதில்லை. இதுதான் அவருக்குக் கடைசி.

அந்தக் கணம் என் மனசு கெட்டுப்போனது. இந்த ஆள் ஜெயிக்கட்டும் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததுமே பயம் வந்தது. நான் ஆசைப்பட்டால் தோற்குமே. எழுந்தேன்.

"டேய், நகராத," என்றார். குரலே இல்லை.

நகர்ந்தேன். தொப்பியைக் கழற்றி சோபாவில் போட்டுவிட்டுக் கராஜுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தேன். யாரும் சொல்லாமல் நானாகப் போனது அன்றைக்குத்தான்.

உள்ளே அக்கா அலறியது கேட்டது. நிலா அலறியது கேட்டது. பிறகு போனில் பார்த்தேன். உதவாக்கரை அடித்த பந்து சொத்தையாக உருண்டது. குழந்தைகூடப் பிடித்திருக்கும். எதிரி ஆளும் பிடித்தான். பிடித்து, எறியவேண்டிய இடத்தை விட்டுவிட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் எறிந்துவிட்டான். இரண்டு பேர் ஓடி வந்து சேர்ந்தார்கள். நாங்கள் கடைசிக்கு முந்தின இடம். அந்த மதியம் சன்னிவேலில் அந்த ஒரு வீட்டில் மட்டும் உலகக் கோப்பை வந்த மாதிரி இருந்தது.

கராஜ் கதவு திறந்தது. நகராதே நின்றார். கட்டிப்பிடிப்பார் என்று பார்த்தேன். "ரெண்டாவது இன்னிங்ஸ்லயே இங்க வந்து உக்காந்திருக்கலாம்ல? என்னை இவ்வளவு நேரம் கொன்னுட்ட," என்றார். இதுதான் நன்றி. பணியாரத் தட்டை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபரில் சாமான் ஏற்ற வாடகை லாரி வந்தது. மூன்று மணி நேரம் எல்லோரையும் அதட்டினார். சோபாவை நகர்த்து, பீரோவை நகர்த்து. அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே இல்லை. காதுக்கு நன்றாக இல்லை.

அவரும் அக்காவும் வீட்டைப் பூட்டப் போயிருந்த நேரத்தில், பையிலிருந்து எடுத்து லாரியின் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தேன். சின்னப் பழமாகப் பொறுக்கி வாங்கியது. அது ஆலன் போகிற வண்டிதானா என்று டிரைவரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் வைத்தேன்.