சொந்தப் பெண்ணைப் பெண் பார்த்த கேம்ப் சார்

இந்தப் பூலோகத்தில் சொந்த வீட்டிலேயே விருந்தாளியாக இருந்தவர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் கேம்ப் சார்தான். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அவருக்கு மூன்று கட்டு வீடு. அதில் அவர் தங்கிய நேரத்தைவிட, உற்சவத்தில் அந்த வாசல் வழியாகப் போன பெருமாள் நின்ற நேரம் அதிகம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சி கண்டோன்மென்டில், ஆலைகளுக்கு யோசனை சொல்லும் கம்பெனி ஒன்று இருந்தது. ஒரு மில் நஷ்டத்தில் ஓடினால், ஏன் அப்படி ஓடுகிறது என்று சொல்லக் கோட்டும் டையுமாக ஓர் ஆளை அனுப்புவார்கள். அந்த ஆள் கேம்ப் சார். அவருக்கு ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுக்கும் ஆள் நான். 'கன்சல்டன்ட்' என்றால் அப்போது யாருக்கும் விளங்காது. ஒரு தடவை ஜட்கா வண்டிக்காரர் என்னைக் கேட்டார்:

"ஐயா மிஷின் ரிப்பேர் பண்றவருங்களா?"

"இல்லீங்க. ரிப்பேர்னு சொல்றவரு."

"அதுக்கா ஃபர்ஸ்ட் கிளாஸ்ல அனுப்புறாங்க?" என்று சொல்லிவிட்டு அவர் தன் குதிரையைப் பார்த்தார். குதிரைக்கும் அது நியாயமாகப் படவில்லை.

கேம்ப் சாருக்கு அந்தப் பெயர் வந்த கதையே தனி. யார் வந்து "சார் இருக்காரா?" என்று கேட்டாலும், உள்ளேயிருந்து அவர் மனைவி, எங்களுக்கு மாமி, அவரின் குரல் "கேம்ப்!" என்று ஒரே சொல்லில் வரும். ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று அர்த்தம். புதிதாக வந்த தபால்காரர் அதை அவருடைய பெயர் என்றே நினைத்துவிட்டார். ஒரு நாள் "மிஸ்டர் கேம்ப், ரிஜிஸ்தர் தபால்!" என்று வீதிக்கே கேட்கிற மாதிரி கத்தினார். அன்றோடு அப்பா அம்மா வைத்த பெயர் போயே போய்விட்டது.

முதல் வகுப்பில் கூபே என்கிற தனி அறை, ஸ்டேஷனுக்கு வரும் மில் கார், கெஸ்ட் ஹவுஸில் தலைப்பாகை கட்டிய பட்லர், படுக்கைக்கே வரும் காப்பி. ராஜபோகம்தான். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் அந்தப் போகம் அவர் தலையிலிருந்து இறங்காது. ராத்திரி படுக்கப் போகும்போது, கெஸ்ட் ஹவுஸ் வழக்கப்படி பாலிஷ் போடுவதற்காக ஷூவை வாசலில் விட்டுவிட்டு வருவார். காலையில் ஒரு ஷூ இருக்கும். மற்றதை வீதி நாய் வடக்கு வாசல் பக்கம் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கும். சாப்பிட உட்கார்ந்தால் சாத்தமுதை, அதாவது ரசத்தை, கையில் வாங்கி உறிஞ்சிவிட்டு, "சூப் பிரமாதம்!" என்பார்.

"சாத்தமுதைச் சூப்புன்னு சொல்ற நாக்குக்குத் திருக்கண்ணமுது கிடையாது," என்று மாமி பாயசப் பாத்திரத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

கோயமுத்தூர் பட்லருக்கு எத்தனை பிள்ளைகள், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். சொந்தப் பெண் ஜானகி காலேஜையே முடித்த பிறகும், "எஸ்.எஸ்.எல்.சி.க்கு நன்னா படிக்கிறாளோன்னோ?" என்று என்னிடம் விசாரித்தவர் அவர்.

அந்த ஜானகிக்கு டில்லியில் உத்தியோகம் பார்க்கும் பையனின் ஜாதகம் பொருந்தி வந்தது. அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. அப்பா எப்போதும் ஊரில் இல்லை, குடும்பத்தில் ஏதோ மனஸ்தாபம் என்று புண்ணியவான்கள் யாரோ கிளப்பிவிட்டதுதான் காரணம். மாமி ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை பொண் பார்க்க வரா. அன்னிக்கு மட்டுமாவது அவர் ஆத்துல இருந்தாகணும். இதுவும் தட்டிப்போனா கொழந்தை மனசு உடைஞ்சு போயிடும். டிக்கெட் வாங்கறது நீங்கதானே? நீங்களே கொண்டுவந்து சேர்த்துடுங்கோ."

வெள்ளிக்கிழமை பார்த்து ஈரோட்டு வண்டி லேட். ஜங்ஷனில் அவரை டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தேன். காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள் வேறு. நாங்கள் நுழைந்தபோது கூடம் நிறைய ஜமக்காளம், ஜமக்காளம் நிறைய ஆட்கள். மாமி அடுப்படியில் இருந்தார். கேம்ப் சார் கைகூப்பி "வாங்கோ, வாங்கோ" என்றிருக்க வேண்டும். பழக்க தோஷம் யாரை விட்டது? எந்த வீட்டில் நுழைந்தாலும் விருந்தாளி வரிசையில் உட்கார்ந்தே பழகியவர், நேரே போய்ப் பிள்ளையின் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கோட்டைப் பார்த்தவர்கள் பெண் வீட்டுக்கு வேண்டிய யாரோ ஆபீசர் என்று மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். தட்டும் வந்தது.

"சொஜ்ஜி நல்ல தரம். பஜ்ஜியிலே எண்ணெய் வேஸ்டேஜ் ஜாஸ்தி," என்றார் மாமாவிடம்.

பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு உள்பக்கம் பார்த்துக் கேட்டார்: "பொண்ணோட தோப்பனார் எங்கே? கண்ணுலயே படலையே?"

அடுப்படியிலிருந்து மாமி, வருஷக்கணக்கான பழக்கத்தில், யோசிக்காமலே குரல் கொடுத்தார்: "கேம்ப்!"

பிள்ளையின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னிக்குமா?" என்று எழுந்திருக்கப் பார்த்தார்.

"நியாயமான கேள்வி," என்றார் கேம்ப் சார், பஜ்ஜியை மென்றபடியே. "இந்த மாதிரி நாள்ல பொறுப்பான ஆள் இல்லேன்னா, நிர்வாகம் சரியில்லைன்னுதான் அர்த்தம். யார் அந்த மனுஷன்?"

நான் குனிந்து அவர் காதில் சொன்னேன்: "சார், அது நீங்கதான்."

அதே நேரம் ஜானகி காப்பித் தட்டோடு வந்தாள். அவரைப் பார்த்ததும் வெட்கம், சபை எல்லாம் மறந்து, "அப்பா! வந்துட்டேளா!" என்றாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டால் கல்லும் கரையும்.

கேம்ப் சார் தட்டைக் கீழே வைத்தார். எழுந்து, டையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் திணித்தார்.

"சுவாமி, அந்த மனுஷன் நான்தான். எத்தனையோ மில் பார்த்திருக்கேன். மேனேஜர் இல்லாம உருப்படியா ஓடின மில்லை நான் பார்த்ததில்லை. ஆனா இந்த ஆத்துக் குடித்தனம், இத்தனை வருஷமா நான் இல்லாமத்தான் ஓடிண்டிருக்கு. ஓட்டினவ அடுப்படியில நிக்கறா. அவ வளர்த்த பொண்ணு இவ. என்னை வெச்சு இவளை எடை போட்டுடாதீங்கோ."

ஊருக்கெல்லாம் யோசனை சொல்லியே பிழைத்த மனிதர், இன்னொருவரிடம் கெஞ்சி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.  பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார்.

"முதல்ல எழுந்து அந்தப் பக்கம் போய் உட்காருங்கோ. இது பிள்ளையாத்து வரிசை!"

தாம்பூலம் அன்றே மாறியது. "கல்யாணத்துக்காவது இருப்பேளோன்னோ?" என்று சம்பந்தி கேட்டதற்கு, மாமி என்னைக் காட்டினார்: "டிக்கெட் வாங்கறவர் இதோ நிக்கறார். அவரைக் கேளுங்கோ." கல்யாண மாதம் முழுவதும் எந்த வண்டியிலும் இடம் கிடைக்காது என்று சபையில் சத்தியம் செய்தேன்.

கல்யாணம் முடிந்து, ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் ஜானகியை ரயில் ஏற்றினோம். வண்டிக்குள்ளேயே காலம் தள்ளிய மனிதர் முதல் தடவையாகப் பிளாட்பாரத்தில் நின்றார். வண்டி நகர்ந்ததும் ஜன்னலோடு கொஞ்ச தூரம் நடந்தார். பிளாட்பாரத்தின் கோடியில் நின்று என் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா, நான் கிளம்பறச்சே எல்லாம் இவா அம்மா பொண்ணு ரெண்டு பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

 "எஞ்சின் கரி கண்ணுல விழுந்துடுச்சு போலிருக்கு சார், தொடைச்சுக்குங்க," என்று கைக்குட்டையை நீட்டினேன். என்னதான் கேலி பேசினாலும், அந்த மனிதர் மேல் எனக்கு உயிர்.